புது கோல்ஃப் செட்டுக்குப் பணம் கட்டும் முன்: கோளாறு வாரியாக ஒரு சோதனை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கோல்ஃப் ஆடப் போகிறவர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள 9 குழி மைதானத்துக்குப் போவார்கள். மற்றவர்கள் துபாய், மஸ்கட், தோஹாவில் வேலையில் இருக்கும்போது பழகியவர்கள். விடுமுறைக்கு வரும்போது பையும் கூடவே வரும். இவர்களுடைய கிளப்களுக்கு (கோல்ஃப் மட்டைகளுக்கு) கிரிப் எனும் பிடியுறை மாற்றுவது, நீளம் குறைப்பது, ஹெட் எனும் அடிக்கும் தலைப்பகுதியை ஒட்டுவது என்று நான் செய்து கொடுத்து வருகிறேன். வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: “தம்பி, இந்த செட்டு நமக்கு ஒத்து வரல்ல. புதுசு ஒண்ணு எடுத்திரலாமா?”

எடுக்கலாம். ஆனால் எது ஒத்துவரவில்லை என்று தெரியாமல் எடுத்தால் அதே கோளாறு புதுப் பெட்டியில் வந்து சேரும். கடையில் அப்படியே எடுக்கும் ஆண்கள் செட் ஏறக்குறைய ஐந்தடி ஒன்பது, பத்து அங்குல உயரமுள்ள ஆளை மனதில் வைத்துச் செய்தது. நம்மில் பலர் அந்த அளவில் இல்லை. அளவு பார்த்து எடுப்பதைத்தான் ஃபிட்டிங் என்கிறார்கள். ஃபிட்டரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் வருகிறதோ அதற்கு நேராகப் போகலாம். முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்ய வேண்டும். வலக்கை ஆட்டக்காரரை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் இடம், வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை: கோளாறு ஸ்விங்கிலா (வீசும் விதத்திலா), கிளப்பிலா?

தேவை ஒரு 7 அயன் (நடுத்தரத் தூரத்துக்கான உலோக ஹெட் கிளப்), ஒரே வகைப் பந்துகள் கொஞ்சம், வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் ஒன்று. கிளப் முகத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு மார்க்கரால் முழுக்கப் பூசுங்கள். அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் மை அழிந்து வட்டமாகத் தெரியும். போனில் படம் எடுத்துக்கொண்டு, துடைத்து, மறுபடி பூசி அடியுங்கள். கை சூடான பிறகு பத்துப் பந்தாவது வேண்டும்.

இப்போது படங்களை வரிசையாகப் பாருங்கள். வட்டங்கள் முகம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் கிளப்பைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. எந்த ஃபிட்டரும் சிதறலுக்கு அளவெடுக்க முடியாது. பணத்தைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள். நாலைந்து வகுப்புக்குப் பிறகு திரும்பச் சோதிக்கலாம். வட்டங்கள் ஒரே இடத்தில் கூடி, ஆனால் அந்த இடம் நடுவில் இல்லாமல் இருந்தால், உங்கள் ஸ்விங் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டது, கிளப் அதற்குப் பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். கீழே உள்ள கிளைகள் எல்லாம் இவர்களுக்குத்தான்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாடிகள் சும்மா நிற்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்றில் பந்து எங்கே போகிறது என்று பார்த்து கிளப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கும்பப்பூ அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கும் வயல், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத விடியற்காலையில் நல்ல இடம். மொட்டைமாடி வலையும் போதும், ஏனென்றால் முகத்தில் விழும் தடத்துக்குக் காற்று கிடையாது.

அயனில் பந்து எப்போதும் இடப்பக்கமே போகிறது, அல்லது எப்போதும் வலப்பக்கமே

நேராக அடித்த மாதிரிதான் இருக்கும், பந்து மட்டும் ஒரே பக்கம் ஒதுங்கும். இதற்குத்தான் அதிகம் பேர் செட்டை மாற்றுகிறார்கள். மாற்றாமலே சரிசெய்யக்கூடியதும் இதுதான்.

காசில்லாத காரணம் முதலில்: குறி. பாதங்களுக்கு முன்னால் ஒரு கம்பை இலக்கை நோக்கிப் போட்டு நில்லுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

குறி சரி என்றால் அடுத்தது லை. கிளப்பைத் தரையில் வைத்தால் தண்டு எந்தச் சரிவில் நிற்கிறது என்பதுதான் லை. அடிக்கும் நேரத்தில் முகத்தின் நுனிப்பக்கமான டோ தூக்கி நின்றால் பந்து இடப்பக்கம் இழுக்கும். தண்டுப்பக்கமான ஹீல் தூக்கி நின்றால் வலப்பக்கம் ஒதுங்கும். லாஃப்ட் (முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) அதிகமுள்ள கிளப்பில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். ஆகவே குறுந்தூரத்துக்கான வெட்ஜும் 9 அயனும் மோசமாக ஒதுங்கி, 5 அயன் அவ்வளவு ஒதுங்காமல் இருந்தால் லை மீதான சந்தேகம் வலுக்கிறது.

சோதனை இப்படி. பந்தில் அதே மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு கிளப் முகத்தைப் பார்த்து, தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி பந்தை வையுங்கள். வழக்கமான வேகத்தில் அடியுங்கள். முகத்தில் கோடு அச்சாக விழுந்திருக்கும். முகத்தில் உள்ள பள்ளக் கோடுகள் படுக்கையாக இருக்கும்படி கிளப்பைப் பிடித்துப் பாருங்கள்:

- அச்சு நேராக நின்றால் லை பொருத்தம். கோளாறு வேறெங்கோ.
- அச்சின் மேல்நுனி டோ பக்கம் சாய்ந்திருந்தால் கிளப் உங்களுக்கு அதிகம் நிமிர்ந்தது. பந்து இடப்பக்கம் போகும்.
- மேல்நுனி ஹீல் பக்கம் சாய்ந்திருந்தால் அதிகம் படிந்தது. பந்து வலப்பக்கம் போகும்.

ஒரு அச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாலைந்து தடவை ஒரே பக்கம் சாய வேண்டும். உயரம் குறைந்த ஆள் கடை செட்டை அடிக்கும்போது அதிகம் பார்ப்பது டோ பக்கச் சாய்வைத்தான்.

சரி, சாய்வு தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? லை வளைக்க அதற்கென்றே இறுக்கிப் பிடித்துக் கோணம் காட்டும் இயந்திரம் இருக்கிறது. ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) மென் எஃகு அயன் என்றால் ஒன்றிரண்டு டிகிரி சுலபமாக வளையும். வார்ப்பில் செய்த ஸ்டெய்ன்லெஸ் ஹெட் கடினமானது. அதிகம் வளைத்தால் கழுத்தில் விரிசல் விடும். வெல்டிங் பட்டறையில் வைஸில் கடித்து, கொஞ்சம் சூடு காட்டி வளைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சூடு ஏறினால் ஹெட்டையும் தண்டையும் ஒட்டியிருக்கும் எபாக்சி பசை இளகும். வைஸ் பல் கழுத்தைக் கடித்துத் தடம் போட்டுவிடும். எத்தனை டிகிரி வளைந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்த இடத்தில் கட்டாயம் ஃபிட்டரிடம் போங்கள். புது செட்டே எடுப்பதானால் லை அளவைச் சொல்லி ஆர்டர் கொடுத்தால் போதும்.

பழைய செட் வாங்குகிறவர்களுக்கு: பிங் கம்பெனி அயன்களில் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும். அது லை அளவைச் சொல்வது. கறுப்பு என்றால் அவர்களுடைய சாதாரண அளவு. வேறு நிறம் என்றால் முந்தைய சொந்தக்காரரின் உடம்புக்கு வளைத்தது. விலை மலிவாக இருக்கிறதே என்று எடுக்கும் முன் புள்ளியைப் பாருங்கள்.

பந்தில் படும் முன்பே தரையில் வெட்டுகிறது, அல்லது பந்தின் தலையில் உரசுகிறது

முதலில் பாய் மீது அடிக்கிறீர்களா, புல்லிலா என்று பாருங்கள். செயற்கைப் பாயில் கிளப் தரையில் பட்டாலும் வழுக்கிப் போய்ப் பந்தைத் தூக்கிவிடும். அதனால் பாயில் நன்றாக இருப்பவர் மைதானத்தில் மண்ணைத் தோண்டுவார். இது கிளப் கோளாறல்ல.

புல்லிலும் அதே கதை என்றால் நீளம் பார்க்க வேண்டும். விளையாடும் ஷூவோடு நேராக நின்று, கைகளைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரை வரை வேறொருவர் அளக்க வேண்டும். நீங்களே குனிந்து அளந்தால் அளவு கெட்டுவிடும். 34 முதல் 37 அங்குலம் வரை வந்தால் சாதாரண நீளம் போதும். அதற்குக் குறைந்தால் கால் அங்குலம், அரை அங்குலம் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம். கூடினால் கூட்டுவதைப் பற்றி. உயரமானவருக்கு நீளமான கிளப் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். ஆறடி ஆள் கை நீளமாக இருந்தால் அவருக்கும் சாதாரண நீளமே வரும். உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு செட் எடுத்துக் கொடுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

குறைப்பதற்கு முன் காசில்லாமல் சோதிக்கலாம். கிரிப்பின் நுனியிலிருந்து அரை அங்குலம் கீழே தள்ளிப் பிடித்து, மார்க்கர் பூசி மறுபடி பத்து அடியுங்கள். தடம் நடுவுக்கு வந்தால் நீளம்தான் விஷயம்.

தண்டின் பின்பக்கம் (கிரிப் இருக்கும் முனை) அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது ஹெட் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) ஏறக்குறைய 3 புள்ளி குறையும், கிளப் கையில் காலியாகத் தோன்றும். ஹெட்டின் பின்புறம் ஈயப் பட்டை ஒட்டி ஈடுகட்டலாம். 2 கிராமுக்கு ஒரு புள்ளி கணக்கு. கூடவே, நீளம் குறைந்தால் அடிக்கும்போது லையும் கொஞ்சம் படியும். ஆகவே வெட்டிய பிறகுதான் கோட்டுச் சோதனை, அதற்கு முன்னால் அல்ல. இந்த வரிசையை மாற்றிச் செய்து இரண்டு முறை லை வளைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிடி வழுக்குகிறது, கையில் கொப்புளம், இறுக்கிப் பிடித்து முன்கை வலிக்கிறது

நம் ஊரில் எனக்கு அதிகம் வரும் வேலை இது. கடல் காற்றும், வியர்வையும், ஜூனில் ஒன்று அக்டோபரில் ஒன்று என்று இரண்டு மழைக்காலமும் ரப்பரை விட்டுவைப்பதில்லை. கார் டிக்கியில் வெயிலில் கிடக்கும் பையில் கிரிப் இன்னும் சீக்கிரம் கெட்டியாகிவிடும். பத்து நிமிட வேலை, ஆனால் இதனால் வரும் தொல்லையை ஸ்விங் கோளாறு என்று நினைத்துக் காலம் கழிப்பவர்கள் ஏராளம்.

முதலில் கழுவுங்கள். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். தேய்த்து, துடைத்து, நிழலில் காயவிடுங்கள். காய்ந்ததும் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். ஒட்டுகிற உணர்வு திரும்பினால் அவ்வளவுதான், செலவு முடிந்தது. பளபளப்பாகவே இருந்து வழுக்கினாலோ, கட்டைவிரல் பதியும் இடத்தில் குழி விழுந்திருந்தாலோ, மேல்பக்கம் வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டும்.

மாற்றும்போது அளவு பாருங்கள். இடக்கையால் கிளப்பைப் பிடித்தால் நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரலின் அடிச்சதையை லேசாகத் தொட வேண்டும். விரல் நகம் சதைக்குள் அழுந்தினால் கிரிப் மெலிது. இடைவெளி விழுந்தால் தடிமன். மெலிதான கிரிப் உள்ளவர் வழுக்கும் என்று பயந்து இறுகப் பிடிப்பார், முன்கை வலி அங்கிருந்து தொடங்கும். ஒரு சுற்று, இரண்டு சுற்று டேப் கூடுதலாகச் சுற்றினாலே போதும். எல்லோருக்கும் மிட்சைஸ் என்ற தடித்த கிரிப் தேவையில்லை.

வீட்டில் செய்வதானால்: கொக்கி பிளேடால் பழையதை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக அறுத்து உரியுங்கள். கிராஃபைட் தண்டு என்றால் பிளேடு தண்டில் படவே கூடாது, நார் அறுந்தால் தண்டு போச்சு. பழைய டேப்பைச் சுரண்டி, புது இருபக்க டேப் ஒட்டி, நுனியில் கொஞ்சம் மடக்கித் துளைக்குள் சொருகுங்கள். கிரிப்பின் துளையை விரலால் அடைத்துக்கொண்டு டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப் மேல் ஊற்றி, நிற்காமல் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். பாதியில் நின்றால் பிடித்துக்கொள்ளும். இளகியிருக்கும்போதே கோடுகளை முகத்துக்கு நேராகத் திருப்புங்கள். ஒரு இரவு விட்டுவிடுங்கள். அடுப்பு, சிகரெட் பக்கத்தில் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு தங்கி டேப் பிடிக்காது. புது கிரிப்பின் வாயில் அளவு அச்சிட்டிருக்கும், 0.600 அங்குலம் அல்லது 0.580. தண்டின் பின்பக்க விட்டமும் அதுவே என்றால் சொன்ன தடிமன் கிடைக்கும், 0.580-ஐ 0.600 தண்டில் இழுத்துப் போட்டால் இன்னும் தடிக்கும்.

கிரிப் சரியான பிறகும் முழங்கை வலி நிற்கவில்லை என்றால் கிளப்பை விட்டுவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இதில் ஃபிட்டருக்கு வேலையில்லை.

டிரைவரில் (அதிகத் தூரம் அடிக்கும் நீளமான கிளப்) மட்டும் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது

அயன் நேராகப் போய் டிரைவர் மட்டும் ஸ்லைஸ் ஆனால் மார்க்கர் தடத்தைப் பாருங்கள். ஹீல் பக்கம் கூடியிருந்தால் பெரும்பாலும் நீளம். இன்றைய டிரைவர்கள் 45 அங்குலமும் அதற்கு மேலும் வருகின்றன. ஒரு அங்குலம் கீழே பிடித்து அடித்துப் பாருங்கள். நேராகி, தூரமும் குறையாமல் இருந்தால் வெட்டி ஈயப் பட்டை ஒட்டினால் போதும்.

கழுத்தில் திருகி மாற்றும் டிரைவர் என்றால் யாராவது லாஃப்டைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிறரிடம் வாங்கிய டிரைவரில் இது அடிக்கடி இருக்கும். அதோடு வரும் டார்க் ரெஞ்சால் மட்டும் திருகுங்கள், கிளிக் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஷாஃப்ட் (தண்டு) அதிக விறைப்பாக இருக்கலாம், அல்லது ஸ்விங் பாதையே வெளியிலிருந்து உள்ளே வரலாம். இந்த இரண்டையும் வீட்டில் பிரித்தறிய முடியாது. பந்தின் வேகத்தையும் பாதையையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் வேண்டும்.

பந்து எழும்பவில்லை, தூரம் போகவில்லை

பந்திலிருந்து தொடங்குங்கள். ஏரியில் கிடந்து எடுத்த பழைய பந்தில் தூரம் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல பந்து மூன்று வாங்கி அடித்துப் பாருங்கள்.

அப்புறம் லாஃப்ட். டிரைவர் வேகம் மணிக்கு 90 மைலுக்குக் கீழே உள்ளவருக்கு 9 டிகிரி ஹெட் உதவாது, 10.5 அல்லது 12 பந்தை மேலே நிறுத்தி வைக்கும், தூரமும் கூடும். லாஃப்ட் குறைந்தால்தான் ஆண்மை என்ற எண்ணம் பலருக்கு அடிமனதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் மட்டுமே பந்து எழும்.

மூன்றாவது ஷாஃப்ட். ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப், அதாவது விறைப்பு) என்ற எழுத்துகளை நம்பி வாங்காதீர்கள். எது ஆர், எது எஸ் என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒருவருடைய ஆர் இன்னொருவருடைய எஸ் அளவு விறைப்பாக இருக்கும். எடை இன்னும் முக்கியம். எஃகு அயன் ஷாஃப்டுகளில் 95 கிராமும் உண்டு, 130 கிராமும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர் டிவியில் பார்க்கும் ஆட்டக்காரரின் 130 கிராம் ஷாஃப்டை வாங்கினால் பத்தாவது குழியில் கை ஓய்ந்துவிடும். சோதனை எளிது: நண்பரின் இலகுவான ஷாஃப்டுள்ள 7 அயனை வாங்கி, களைத்த பிறகு அடித்துப் பாருங்கள். காலையில் எல்லா ஷாஃப்டும் நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டு கிளப் ஒரே தூரம் போகிறது, அல்லது நடுவில் ஓட்டை

பழைய 7 அயன் 34 டிகிரி. இன்று தூரத்துக்கென்று விற்கும் செட்டில் 7 அயன் 28, 30 டிகிரியில் வருகிறது. “புது 7 அயன் இருபது கெஜம் கூடப் போகுது” என்று கடையில் சொல்வதன் ரகசியம் அதுதான். அதே செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரியில் இருக்கும். பையில் இருக்கும் சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 12, 13 டிகிரி ஓட்டை. ஒவ்வொரு கிளப்பின் லாஃப்டையும் கம்பெனி அட்டவணையில் பார்த்துத் தாளில் எழுதுங்கள். நாலைந்து டிகிரி இடைவெளியில் வந்தால் நல்லது. விதிப்படி பையில் அதிகபட்சம் 14 கிளப்தான். பெரும்பாலும் செட் மாற்றாமல் ஒரே ஒரு வெட்ஜ் வாங்கினால் தீர்ந்துவிடும்.

ஹெட் லேசாக ஆடுகிறது, உள்ளே கடகட சத்தம், கழுத்து வளையம் மேலே ஏறியிருக்கிறது

உடனே நிறுத்துங்கள். வலையிலும் அடிக்காதீர்கள். ஹெட் கழன்று பறந்தால் எதிரில் நிற்பவர் மேல்தான் விழும். வெயிலில் கிடந்த டிக்கிச் சூட்டில் எபாக்சி தளர்வது நம் ஊரில் சாதாரணம். வளையத்துக்கும் கழுத்துக்கும் நடுவே நகம் நுழைகிற அளவு இடைவெளி தெரிந்தாலே ஒட்ட வேண்டிய நேரம். எஃகு தண்டு என்றால் கழுத்துக்கு அருகில் துருக்குழி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழி விழுந்த தண்டை ஒட்டிப் பயனில்லை, மாற்றுங்கள். சத்தம் மட்டும் இருந்து ஆட்டம் இல்லையென்றால் தண்டுக்குள் உதிர்ந்த எபாக்சித் துணுக்கு, தொந்தரவுதான், ஆபத்தில்லை. கிராஃபைட் தண்டைக் கழற்றி ஒட்டும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சூடு கூடினால் தண்டு வெந்துவிடும்.

இனி ஃபிட்டரிடம்

மேலே உள்ளவற்றைச் செய்தும் தீரவில்லை, அல்லது எப்படியும் புது செட் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் போங்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் அங்கேயே ஃபிட்டிங் முடித்து ஆர்டர் கொடுப்பது நல்லது; ஊருக்கு வரும் வாரத்தில் அவசரமாக எடுக்காதீர்கள். இங்கே இருப்பவர்களுக்கு, நாகர்கோவிலிலிருந்து ரயிலேறினால் பெங்களூரு ஒரு இரவு. ரயிலிறங்கிய உடனே நேராகப் போய் அடிக்க வேண்டாம். உடம்பு இறுகியிருக்கும்போது கிடைக்கும் எண்கள் உங்களுடையவை அல்ல.

உங்கள் பழைய 7 அயனையும் டிரைவரையும் கொண்டுபோங்கள். மார்க்கர் படங்களையும், மணிக்கட்டு அளவையும், லாஃப்ட் தாளையும் காட்டுங்கள். லாஞ்ச் மானிட்டர் டிராக்மேனோ ஃபோர்சைட்டோ எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் முதலில் பழைய கிளப்பை அடித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதோடு ஒப்பிட்டுத்தான் புதியதைப் பார்க்க வேண்டும். மிக நீளமாகப் போன ஒரு ஷாட்டைக் காட்டி விற்கிறவரிடம் மொத்த ஷாட்களின் பரப்பைக் காட்டச் சொல்லுங்கள். நன்றாக அடித்த ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் வாங்குவது மோசமாக அடித்ததும் அதிகம் விலகாத செட்டை.

வெளியே வரும்போது நீளம், லை, லாஃப்ட், ஷாஃப்டின் பெயரும் எடையும், கிரிப் அளவும் டேப் சுற்றும் எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும். செட் வந்து சேர்ந்ததும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும் முன் அந்தத் தாளோடு ஒவ்வொரு கிளப்பின் நீளத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். 7 அயனில் மட்டும் உறையைப் பிரித்துக் கோட்டுச் சோதனை செய்யுங்கள். அளவு மாறியிருந்தால் மற்றவை பிரிக்காமல் இருக்கும்போதே திருப்பி அனுப்பிவிடலாம்.